மூன்றாம் வகுப்போடு நின்றவர் தொடங்கிய கல்லூரி

கடந்த ஆண்டு இறுதி விடுமுறையில் என் அண்ணன் மகன் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து கோலசிலாங்கூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். படிவம் இரண்டை முடித்திருந்தான். இனிப் பள்ளிக்குப் போகமாட்டேன், மோட்டார் பட்டறையில் வேலைக்குச் சேரப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டானாம். தன் பக்கத்துக்கு ஆதாரமாகக் கைத்தொலைபேசியில் ஒரு காணொளியும் வைத்திருந்தான். கோயம்புத்தூர் விஞ்ஞானி ஜி.டி.நாயுடு மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவரால் மோட்டாரும் காரும் செய்ய முடிந்திருக்கிறது என்றால் எனக்கு எதற்குப் பள்ளி என்பது அவன் கேள்வி.

அண்ணனுக்கு இதற்குப் பதில் சொல்ல வரவில்லை. அவரே எஸ்.ஆர்.பி. தேர்வில் தவறி, தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர் பழுதுபார்க்கப் போனவர். மகனைத் தடுக்கத் தனக்கு என்ன தகுதி என்று நினைத்தாரோ என்னவோ, அவனை என்னிடம் அனுப்பி வைத்தார்.

நான் அவனோடு வாதாடவில்லை. அலமாரி மேலிருந்த ஒரு பழைய அட்டைப்பெட்டியை இறக்கி மேசைமேல் வைத்தேன்.

பெட்டிக்குள் இருந்த கார்

அது அவன் அப்பா இளவயதில் ஒட்டிய மாதிரிக் கார். 1932ஆம் ஆண்டு ஃபோர்டு, 25-இல் ஒரு பங்கு அளவு, அமெரிக்காவின் ஏ.எம்.டி. நிறுவனம் செய்தது. இந்த வகைப் பெட்டிகளில் ஒரு விசேஷம் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஒட்டலாம். கூடுதல் பாகங்களை வைத்து நம் விருப்பப்படி மாற்றியும் ஒட்டலாம். பந்தயக் காராகவும் செய்யலாம். அண்ணன் தன் விருப்பப்படி மாற்றினார். பட்டறையில் வாங்கிய சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கோலாலம்பூரில் வாங்கி வந்தது அது. தோட்டத்துக் குடியிருப்பில் மண்ணெண்ணெய் விளக்கருகே வைத்து ஒட்டியதாகச் சொல்வார்.

அதைக் கெடுத்தவன் நான். எனக்கு அப்போது எட்டு வயது. உள்ளே இயந்திரம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில், அண்ணன் வேலைக்குப் போன நேரம் பிரித்துவிட்டேன். பிரிக்க அரை மணி நேரம் ஆனது. திருப்பிச் சேர்க்க மாலை வரை முயன்றும் முடியவில்லை. கூரைத் தூண் ஒன்று உடைந்தது. எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்பதே மறந்துபோனது. அண்ணன் என்னை அடிக்கவில்லை. எல்லாவற்றையும் பொறுக்கிப் பெட்டியில் போட்டு மூடினார். அதன் பிறகு அவர் அதைத் திறக்கவே இல்லை.

விடுமுறை முடிவதற்குள் இதை நாம் இருவரும் சேர்த்து முடிக்க வேண்டும், முடிந்த பிறகு பள்ளியைப் பற்றிப் பேசுவோம் என்றேன். பையன் ஒப்புக்கொண்டான். வேலை செய்துகொண்டே ஜி.டி.நாயுடுவின் கதையை முழுதாகச் சொன்னேன். காணொளியில் பாதிதான் வந்திருந்தது.

கலங்கல் கிராமத்துப் பையன்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். தாயைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தவர். பள்ளியில் அடங்காத பிள்ளை. மணலை அள்ளி ஆசிரியர்மேல் வீசிவிட்டு ஓடிய கதையை அவரைப் பற்றி எழுதிய பலரும் சொல்கிறார்கள். மூன்றாம் வகுப்புக்குமேல் படிப்பு தொடரவில்லை. வயல் வேலைக்குப் போனார்.

காணொளி இந்த இடத்தில் ஒரே தாவாகத் தாவி, அவரை விஞ்ஞானியாக்கிவிடுகிறது. இடையில் இருந்தவைதான் முக்கியம். முதலாவது, அவர் வாசிப்பை விடவில்லை. வயலில் வேலை பார்த்தபடியே கிடைத்த புத்தகங்களைப் படித்துத் தானாகக் கற்றுக்கொண்டார். இரண்டாவது, ஒரு மோட்டார் சைக்கிள்.

மூன்று ஆண்டுச் சேமிப்பு

ஒருநாள் ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். இங்கிலாந்தில் செய்யப்பட்ட 1912ஆம் ஆண்டு ரட்ஜ் வண்டி அது. மாடும் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டியை அந்த இளைஞர் அதற்குமுன் கண்டதில்லை. அதை வாங்கியே தீருவது என்று முடிவு செய்தார்.

கையில் காசு இல்லை. கோயம்புத்தூருக்குப் போய் ஓர் உணவுக்கடையில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் எச்சில் இலை எடுக்கும் இடத்தில் நின்று, சில நூறு ரூபாய் சேர்த்தார். பிறகு அதே அதிகாரியிடம் போய் அதே வண்டியை வாங்கினார்.

வாங்கியதும் ஊர் பார்க்க ஓட்டித் திரியவில்லை. பாகம் பாகமாகப் பிரித்தார். ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தார். திருப்பிச் சேர்த்தார். சொல்லித்தர ஆசிரியர் இல்லை. அந்த ஒரு வண்டியே அவருக்குத் தொழிற்பள்ளி. அங்கிருந்துதான் அவர் பழுதுபார்க்கும் தொழிலாளி ஆனார்.

இந்தக் கதையைச் சொன்னபோது நாங்களும் பிரிக்கும் வேலையில்தான் இருந்தோம். பழைய ஒட்டுப்பசை லேசில் விடாது. காரைச் சில மணி நேரம் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்தோம். குளிரில் பழைய பசை நொறுங்கும் தன்மை பெறும். மெல்லக் கத்தி நுனியை விட்டால் ஒட்டு விட்டுக்கொடுக்கும். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்து, எண் எழுதி, கைத்தொலைபேசியில் படம் எடுக்கச் சொன்னேன். முதலில் பையனுக்கு எரிச்சல். எட்டு வயதில் நான் செய்யாமல் விட்டது இதைத்தான் என்று சொன்ன பிறகு பேசாமல் எழுதினான்.

நம் பக்கத்துத் தொடர்பு

சக்கரங்களைக் கழற்றும்போது ஒன்றைக் கவனித்தோம். டயர்கள் சக்கரத்தோடு உருகி ஒட்டியிருந்தன. பழைய மாதிரிக் கார்களின் மென்மையான வினைல் டயர்களில் கலந்திருக்கும் பொருள் காலப்போக்கில் கசிந்து, பக்கத்திலுள்ள பிளாஸ்டிக்கை அரித்துவிடும். சக்கர விளிம்பை மெழுகுப் பூச்சால் நிரப்பிச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

டயர் என்றதும் பையனிடம் இன்னொன்றும் சொன்னேன். நாயுடு அந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து வியந்த அதே ஆண்டுகளில், உலகம் முழுவதும் பெருகிய கார்களுக்கு டயர் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் சிலாங்கூரில் காடு அழித்து ரப்பர் நட்டார்கள். அதற்காகத்தான் நம் முன்னோர் கப்பலேறி வந்து, விடியுமுன் பெரட்டில் நின்று, பால் வெட்டினார்கள். நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் செம்பனை நடப்பட்டது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். கார் என்னும் பொருள் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்நியமானதல்ல. அதன் சக்கரத்தில் நம் குடும்பத்து உழைப்பும் சேர்ந்தே சுழன்றது. ஆனால் பால் வெட்டியவர்களுக்கு அந்தக் காரின் உட்பகுதியைப் பார்க்கும் வாய்ப்புத்தான் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு பேருந்து

நாயுடுவின் பாதை நேராக ஏறவில்லை. பஞ்சுத் தொழிலில் இறங்கிச் சம்பாதித்தார். பிறகு பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வியாபாரத்தில் பணத்தை இழந்து ஊர் திரும்பினார். அந்த நிலையில் அவருக்குக் கைகொடுத்தவர் கோயம்புத்தூரின் பெரிய தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ். அவர் உதவியோடு 1920-இல் ஒரு பேருந்து வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார்.

ஒன்று பலவானது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., என்ற அவர் நிறுவனம் சில ஆண்டுகளில் நாட்டின் மிகச் சிறந்த பேருந்து நிறுவனங்களில் ஒன்றாகப் பெயர் எடுத்தது. ஒரு வண்டியைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவருக்கு, நூறு வண்டிகள் ஓடும் நிறுவனத்தையும் பாகம் பாகமாகப் பார்க்கத் தெரிந்திருந்தது.

மோட்டாரும் சவரக் கருவியும்

அவர் அதோடு நிற்கவில்லை. கோயம்புத்தூரில் ஆலைகளும் கிணறுகளும் பெருகிய காலம் அது. மின்மோட்டார்கள் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தன. 1937-இல் பீளமேட்டில் இருந்த அவருடைய நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் நிறுவனத்தில், டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார்கள். இன்று கோயம்புத்தூர் மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர்பெற்ற நகரமாக இருப்பதற்கு அது ஒரு தொடக்கம்.

வெளிநாடுகளுக்குப் பயணம் செய்தார். லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கேமராவில் படம் பிடித்தார். உலர் மின்கலத்தில் ஓடும் சிறிய மோட்டார் பொருத்திய ரசாந்த் என்னும் சவரக் கருவி, மிக மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, முறைகேடு செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று அவர் கையில் உருவானவை பல. எல்லாம் சாதாரண மனிதன் தினமும் பயன்படுத்தக்கூடிய பொருள்கள். ஐந்து வால்வு வானொலியை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று 1941-இல் அறிவித்தார்.

எங்கள் மேசையில் அப்போது சாயம் கழுவும் வேலை நடந்தது. அண்ணன் தூரிகையால் தடிமனாகச் சிவப்புச் சாயம் பூசியிருந்தார். 25-இல் ஒரு பங்கு அளவில் இது பெரிய சிக்கல். பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள சாயம், உண்மைக் காரின் அளவில் பார்த்தால் இரண்டரை மில்லிமீட்டர் பூச்சுக்குச் சமம். கதவு இடுக்குகள் அடைந்து பொம்மை போலாகிவிடும். கையுறை, முகக்கவரி அணிந்து, சன்னலைத் திறந்துவைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் உடற்பகுதியை இரவு முழுவதும் ஊறவைத்தோம். காலையில் பழைய பல் துலக்கியால் தேய்த்ததும் சாயம் தோலாக உரிந்து வந்தது. பிறகு 400, 600, 1000 எண் மணல்தாள்களை ஒன்றன்பின் ஒன்றாக நீரில் நனைத்துத் தேய்த்து, மெல்லிய அடிப்பூச்சு, அதற்குமேல் மூன்று மெல்லிய பூச்சுகள். ஒவ்வொரு பூச்சும் காயக் காத்திருக்க வேண்டும். கதை கேட்க நேரம் கிடைத்ததும் அதனால்தான்.

இரண்டாயிரம் ரூபாய்க் கார்

1932ஆம் ஆண்டு ஃபோர்டு கார் ஏன் புகழ்பெற்றது என்று பையன் கேட்டான். எட்டு சிலிண்டர் வி-8 இயந்திரத்தைச் சாதாரண விலைக் காரில் பெரிய அளவில் கொண்டுவந்தது அந்த ஆண்டு ஃபோர்டுதான். பணக்காரர்களின் பொருளாக இருந்ததைப் பலருக்கும் கிடைக்கச் செய்தார்கள்.

நாயுடுவுக்கும் அந்த எண்ணம் இருந்தது. 1952-இல் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான். ஆனால் அதைத் தயாரித்து விற்க அரசாங்கம் உரிமம் தரவில்லை. திட்டம் நின்றுபோனது. கார் செய்தார் என்பதைக் காணொளி சொல்லியிருந்தது. அது சாலைக்கு வராமல் போனதைச் சொல்லவில்லை. திறமை மட்டும் இருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்று அவர் வாழ்க்கை சொல்லவில்லை. பம்பாயில் பணம் போனது, தேர்தலில் நின்று தோற்றார், காருக்கு உரிமம் கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அடுத்த வேலைக்குப் போனார்.

மூன்றாம் வகுப்பு முதல்வர்

பையனுக்கு நான் சொல்ல நினைத்தது இந்தப் பகுதியைத்தான். பள்ளியை விட்டு ஓடிய அந்த மனிதர், பணமும் புகழும் வந்த பிறகு தம் பொருளைப் போட்டுத் தொடங்கியவற்றில் கல்விக்கூடங்களும் உண்டு. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் பெயரால் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கையும், 1945-இல் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரியையும் தொடங்கினார். அவரே முதல்வராகவும் இருந்தார். அந்தக் கல்லூரிதான் இன்று கோயம்புத்தூரில் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக நடக்கிறது.

நான்காண்டுப் படிப்பை நாயுடு ஏற்கவில்லை. பட்டறையில் கைப்பட வேலை செய்து கற்றால் இரண்டு ஆண்டுகளே போதும் என்று வாதாடினார். அரசாங்கம் ஒப்பவில்லை. அவர் பதவி விலகினார்.

இதைக் கவனிக்க வேண்டும். கல்வியே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. இளைஞனின் காலம் வீணாகக் கூடாது, கையும் மூளையும் சேர்ந்து கற்க வேண்டும் என்றார். தாம் மூன்று ஆண்டு பரிமாறிச் சேர்த்த காசில், ஒற்றை மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்துக் கற்றதை, அடுத்தவன் மகன் ஒரு கூரையின்கீழ், கருவிகளோடு, ஆசிரியரோடு, விரைவாகக் கற்கட்டும் என்று நினைத்தவர்தான் கல்லூரி தொடங்குவார். தாம் வந்த வழியே போதும் என்று நினைத்திருந்தால் அவர் அதைக் கட்டியிருக்க வேண்டியதில்லை.

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் நாயுடு காலமானார். அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளை கோயம்புத்தூரில் நடத்தும் கார் அருங்காட்சியகத்தில் பழைய கார்களை இன்றும் பார்க்கலாம்.

எட்டு வயர்கள்

கடைசியாக இயந்திரம். உண்மைக் காரில் ஏழு மில்லிமீட்டர் இருக்கும் பிளக் வயர், இந்த அளவில் 0.28 மில்லிமீட்டர். பழைய தொலைபேசிக் கம்பியைப் பிரித்து, அதிலிருந்து மெல்லிய செப்பு இழைகளை எடுத்தோம். எட்டு சிலிண்டருக்கு எட்டு இழை. எந்த இழை எந்தச் சிலிண்டருக்குப் போக வேண்டும் என்று பெட்டிக் குறிப்பில் இல்லை. எப்படி ஒட்டினாலும் பார்ப்பவருக்குத் தெரியாது, விட்டுவிடலாம் என்றேன்.

பையன் விடவில்லை. அன்றிரவு அவனே தேடிப் படித்தான். பழைய ஃபோர்டு வி-8 இயந்திரத்தில் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1, 5, 4, 8, 6, 3, 7, 2. ஏன் நேர் வரிசையாக 1, 2, 3 என்று எரியவில்லை என்று மறுநாள் என்னைக் கேட்டான். அடுத்தடுத்த சிலிண்டர்கள் தொடர்ந்து எரிந்தால் சுழல்தண்டின் ஒரே பகுதியில் அழுத்தம் விழும், அதிர்வு கூடும் என்று எனக்குத் தெரிந்த அளவு சொன்னேன். அதற்குமேல் அவன் கேட்டவற்றுக்கு என்னிடம் பதில் இல்லை. அவை இயற்பியலும் கணிதமும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டியவை. அதை அவனிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

அவன் பட்டறைக்குப் போவதை நான் தடுக்கவில்லை. பட்டறை வேலை கேவலமானதல்ல; எங்கள் வீட்டில் சோறு வந்ததே அண்ணனின் பட்டறைச் சம்பளத்தில்தான். ஆனால் படிவம் மூன்றை முடித்தால் கோலசிலாங்கூர் தொழிற்கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குமேல் போக விரும்பினால் சபாக் பெர்ணத்தில் பாலிடெக்னிக் இருக்கிறது. நாயுடு போராடிக் கேட்ட பட்டறைக் கல்வி நம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கும்போது, அவர் பெயரைச் சொல்லி அதை விடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. இவ்வளவுதான் சொன்னேன்.

விடுமுறையின் கடைசி நாள் அண்ணன் மகனை அழைத்துப் போக வந்தார். காரைக் கையில் எடுத்து இயந்திர மூடியைத் திறந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வயராக விரலால் காட்டி வரிசையைச் சரிபார்த்தார். எட்டும் சரி. டிராக்டர் பட்டறையில் கற்றது அவருக்கு மறக்கவில்லை. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று மகனைக் கேட்டார். மகன் விளக்கினான். நான் அவர்கள் இருவரையும் பேச விட்டுவிட்டுத் தேநீர் போடப் போனேன்.

இப்போது அவன் படிவம் மூன்றில் இருக்கிறான். கணிதத்தில் இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறானாம். ஆனால் பள்ளிக்குப் போகிறான். வார இறுதிகளில் அப்பாவோடு ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பிரிக்கத் தொடங்கியிருக்கிறான். பாகங்களை வெள்ளைத் துணியில் வைத்து எண் எழுதி எடுத்த படம் ஒன்று போன வாரம் எனக்கு வந்தது.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் யாரோ பாதியில் மூடிவைத்த பெட்டி ஒன்று இருக்கலாம். பழைய வானொலியோ, ஓடாத கடிகாரமோ, மின்விசிறியோ ஆகலாம். பெரியவர்களிடம் கேட்டு, மின்சாரத்திலிருந்து துண்டித்துவிட்டுப் பிரித்துப் பாருங்கள். எண் எழுதி வையுங்கள். திருப்பிச் சேர்க்கும்போது எங்கே தடுமாறுகிறீர்களோ, அந்தக் கேள்வியை மறுநாள் உங்கள் ஆசிரியரிடம் கொண்டு போங்கள்.